செக்கப்புக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

வட சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியின் தகரக் கொட்டகைக்குக் கீழே, தினமும் சாயங்காலம் 5 மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை. தெருவில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் நான் படித்தது பி.காம். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஒன்பது வயசுப் பையனின் அம்மா. அவனை செக்கப்புக்குக் கூட்டிப்போய் முதல் தடவை சொதப்பி, இரண்டாம் தடவை ஒழுங்காகப் போய்வந்தவள். அப்புறம் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் நாலைந்து பேருக்குத் துணையாகவும் போயிருக்கிறேன்.

"படிப்புல கவனமே இல்ல, உடம்பும் ஏறிக்கினே போவுது, இன்னாக்கா பண்றது?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். படிக்கட்டில் நின்றபடியே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் சொதப்பிய கதை. ஒரு தனியார் கிளினிக். ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் எங்களுக்குக் கிடைத்தது ஆறு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் நான் மார்க்கைப் பற்றியே பேசினேன். பையன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "சோம்பேறி சார், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டான்" என்றேன். அடுத்த மூச்சிலேயே "ஒரு இடத்துல உட்கார மாட்டான் சார்" என்றேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எடை போட்டார்கள். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார், ஞாபக சக்திக்கு என்று ஒரு டானிக் எழுதினார், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி பையன் தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டாக்டர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் கையில் கொண்டுபோனது புகார் மட்டும்தான். ஆறு நிமிஷத்தில் ஒருவர் என் பையனைத் தெரிந்துகொள்ள நான் ஒன்றுமே கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டில் என்ன எழுதுவது என்பதைப் பற்றித்தான்.

தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

செக்கப்புக்கு இரண்டு வாரம் முன்பே எழுத ஆரம்பித்துவிடுங்கள். முதல் பக்கத்தில் பழைய கதை: எத்தனை மாசத்தில் பிறந்தான், பிறந்த எடை, எப்போது நடந்தான், எப்போது பேசினான், ஜன்னி வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, தைராய்டு, வலிப்பு உண்டா. "நானும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதையும் எழுதுங்கள். கவனக் குறைவும் எழுத்துத் தடுமாற்றமும் குடும்பத்தில் வருவது உண்டு. பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டும் தடுப்பூசி அட்டையும் இருந்தால் நோட்டுக்குள் செருகிவிடுங்கள். ஐந்து வயசிலும் பத்து வயசிலும் ஊசி உண்டு, பல பேர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் பக்கம் தூக்கம். இது எனக்கு முதலில் தோன்றவே இல்லை. இரண்டாம் தடவை பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "குறட்டை விடுவானா?" என்பதுதான். நான் சிரித்துவிட்டேன். "அப்பனை உரிச்சு வச்ச மாதிரி விடுவான் மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாயைத் திறந்து தூங்குகிறானா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறானா, தலையணை வியர்வையில் நனைகிறதா, இன்னும் படுக்கையில் சிறுநீர் போகிறானா என்று வரிசையாகக் கேட்டார். முக்கால்வாசிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில்தான் படுக்கிறேன்!

விஷயம் இதுதான். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ, தொண்டை டான்சிலோ வீங்கி இருந்தால் ராத்திரி மூச்சு தடைபடும். உடம்பு எடை கூடினால் தடை இன்னும் அதிகமாகும். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் மறுநாள் தூங்கி வழிவார்கள். குழந்தைகள் பல பேர் அதற்கு நேர்மாறாகத் துறுதுறுவென்று ஆகிவிடுவார்கள், எரிந்து விழுவார்கள், பாடத்தில் நிற்க மாட்டார்கள். தூக்கம் கெட்டால் பசியும் தாறுமாறாகும். நான் இரண்டு தனி வியாதி என்று நினைத்தது ஒரே மூக்கில் முடிச்சுப் போட்டிருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது: பிள்ளை தூங்கி ஒரு மணி நேரம் கழித்து போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுங்கள். விளக்கைப் போட வேண்டாம், சத்தம் பதிவானாலே போதும். முடிந்தால் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிகிற மாதிரி எடுங்கள். அப்படியே படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். 6 வயசிலிருந்து 12 வயசு வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை முடிந்து வீடு வரப் பத்தரை ஆகும், அப்பாவைப் பார்க்காமல் பையன் படுக்க மாட்டான். எழுதிப் பார்த்தபோதுதான் அவன் தூங்குவது ஏழு மணி நேரம்கூட இல்லை என்று தெரிந்தது.

கவனம்: எண்ணி எழுதுங்கள்

"படிக்க உட்காரவே மாட்டேங்கிறான்" என்பது டாக்டருக்குப் பயன்படாது. எண்ணுங்கள். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "எட்டுக் கூட்டல் கணக்கு. 25 நிமிஷம். நாலு தடவை எழுந்தான். பென்சில் மூன்று தடவை சீவினான். இரண்டு கணக்கில் கூட்டலைக் கழித்தலாகப் போட்டான். கேட்டால் சரியாகச் சொல்கிறான்." டாக்டரம்மா இந்த நாலு வரியைத்தான் அதிக நேரம் படித்தார்.

எங்கே நடந்தது என்பதும் முக்கியம். வீட்டில் மட்டும் அடங்க மாட்டான், பள்ளியில் நல்ல பிள்ளை என்றால் கதை வேறு. பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கவனக்குறைவு-மிகையியக்கம், அதாவது ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர்கள் முடிவு செய்ய, குறைந்தது இரண்டு இடங்களிலாவது அறிகுறி தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயசுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கவனம் சம்பந்தமாக ஒன்பது, துறுதுறுப்பு சம்பந்தமாக ஒன்பது என்று அறிகுறிப் பட்டியல் இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு பொருந்த வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது. யாராவது மூளை ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், "போன் கொடுத்தா ரெண்டு மணி நேரம் அசைய மாட்டான், அப்ப கவனம் இருக்குதானே?" என்பார்கள். போன் நொடிக்கு நொடி புதிதாக ஒன்றைக் காட்டும். அதில் உட்கார்வதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கேரம் போர்டும் அப்படித்தான், பிடித்த விஷயத்தில் எல்லோரும் உட்காருவார்கள். நோட்டில் எழுத வேண்டியது பிடிக்காத வேலையில் எப்படி இருக்கிறான் என்பதை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடாமல் குதிக்காமல், ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் செக்கப்புக்குக் கூட்டிப்போவதில்லை. "சமத்து, ஆனா மக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கவனக் குறைவு அப்படியும் இருக்கும். இன்னொன்று: பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடி அப்படியே வெறித்துப் பார்த்து நின்று, தொட்டாலும் கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி தொடர்ந்தால் அது பகல் கனவு இல்லாமல் இருக்கலாம். ஒரு வகை வலிப்பு அப்படி வரும். வீடியோ எடுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எழுதுங்கள், செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

வகுப்பு டீச்சரிடம் "எப்படி படிக்கிறான்?" என்று கேட்டால் "இன்னும் முயற்சி பண்ணணும்" என்ற பதில்தான் வரும். அவர்கள் முன்னால் நாற்பது பிள்ளைகள், பாவம். மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த பீரியடில் ரொம்பக் கஷ்டப்படுகிறான்? போர்டில் எழுதிப்போடுவதை முழுசாக எழுதிவிடுகிறானா? எழுதச் சொல்லாமல் வாயால் கேட்டால் பதில் சொல்கிறானா? பதிலை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் தேவைப்பட்டால் பெற்றோருக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று என்று கேள்வித்தாள் தருவார். அதை டீச்சரிடம் வாங்கித் தருவதற்குள் ஒரு பரீட்சையே முடிந்துவிடும், எனவே முதலிலேயே நல்லபடியாகப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

காதையும் கண்ணையும் மறக்காதீர்கள். சளி பிடித்துப் பிடித்துக் காதுக்குள் நீர் தேங்கியிருந்தால் டீச்சர் சொல்வது பாதிதான் கேட்கும், பிள்ளை "கவனிக்காத" பிள்ளையாகிவிடும். டியூஷனில் ஒரு பையனைப் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டேன். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எழுத்து: ரேங்க் கார்டு வேண்டாம், ரஃப் நோட்டு போதும்

எல்லோரும் ரேங்க் கார்டைத்தான் கொண்டுபோகிறார்கள். அதில் டாக்டர் பார்க்க ஒன்றும் இல்லை. பிள்ளை தானாக எழுதிய, யாரும் திருத்தாத நோட்டைக் கொண்டுபோங்கள். தமிழ் டிக்டேஷன் நோட்டு ஒன்று, கணக்கு ரஃப் நோட்டு ஒன்று.

நம் ஊரில் ல, ள, ழ மாற்றி எழுதாத பிள்ளை இல்லை. "வாயப்பயம்" என்று சொல்கிற தெருவில் வளர்கிற பிள்ளைக்கு ழ எங்கிருந்து வரும்? ன, ண, ந குழப்பமும் அப்படியே. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நான் பார்ப்பது வேறு. மூன்றாம் வகுப்பு தாண்டியும் ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது. "கொடி"யில் கொம்பு, கால் இரண்டில் ஒன்று எப்போதும் காணாமல் போவது. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துப் படிப்பது: "பட்டம்" என்று இருந்தால் "பட்டாசு" என்று போய்விடுவது. க், ஆ, ல் என்று தனித்தனியாகச் சொன்னால் சேர்த்துக் "கால்" என்று சொல்லத் தெரியாமல் முழிப்பது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு வகுப்பு கீழே இருக்கும் பாடப் புத்தகத்திலிருந்து அரைப் பக்கக் கதையை அவனையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் கதையைக் கேளுங்கள். மறுநாள் அதே அளவு வேறொரு கதையை நீங்கள் படித்துக் காட்டி, கதையைக் கேளுங்கள். காதால் கேட்ட கதையை அழகாகச் சொல்கிறான், தானே படித்ததைச் சொல்லத் தெரியவில்லை என்றால் தடுமாற்றம் எழுத்தைப் படிப்பதில். இரண்டிலும் தெரியவில்லை என்றால் மொழியா, கேட்பதா, புரிந்துகொள்வதா என்று டாக்டர் வேறு பக்கம் தேடுவார். என் டியூஷனில் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண். நான் படித்துக் காட்டிய நரிக் கதையை அவள் வாலோடு நடித்தே காட்டினாள். அவளே படிக்கும்போது "நரி" என்ற சொல்லிலேயே இரண்டு தடவை நின்றாள். நான் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு வரியோடுதான் அவள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பிள்ளைகள் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் நிறைய. அவர்கள் இங்கிலீஷில் தடுமாறினால் அது குறைபாடு ஆகாது. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் படிப்பு, எழுத்துத் தடுமாற்றத்தைக் கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா) என்று முடிவாகச் சொல்ல வழக்கமாக எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு வரை பொறுப்பார்கள். அதற்காக அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை, பயிற்சி முன்பே தொடங்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இதுவும் ஒன்று. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் ஓடுவதற்குப் பதில் இப்போதே கேட்டு வையுங்கள். தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, இதே வேலையைப் பல வருஷமாகச் செய்பவர்கள்.

எடை: சுவர், நூல், கழுத்து

எடையைப் பற்றி நம் வீடுகளில் இரண்டே வார்த்தைதான்: "நோஞ்சான்", இல்லை "புஷ்டி". என் மாமியாருக்கு என் பையன் புஷ்டி. "வளர்ற புள்ள, கண்ணு வைக்காத" என்பார். கண்ணு வைக்காமல் அளவு வையுங்கள்.

உயரம் அளக்க: செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிற்க வைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்கு நேராக வைத்து, அதன் அடியில் பென்சில் கோடு. தையல் டேப்பால் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். எடையை எப்போதும் ஒரே மெஷினில் பாருங்கள். மருந்துக் கடைக்கு மருந்துக் கடை ஒரு கிலோ வித்தியாசம் காட்டும். பள்ளி வயசில் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயரமும், இரண்டு மூன்று கிலோ எடையும் கூடுவது வழக்கம்.

என் பையன் அப்போது 134 சென்டிமீட்டர், 41 கிலோ. எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் பி.எம்.ஐ.: 41ஐ 1.34ஆல் வகுத்து, திரும்பவும் 1.34ஆல் வகுத்தால் 22.8. இணையத்தில் பார்த்தேன், "நார்மல்" என்று வந்தது, நிம்மதியாகத் தூங்கினேன். அது பெரியவர்கள் கணக்கு! குழந்தைகளுக்கு வயசுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் தகுந்தபடி தனி வரைபடம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயசு வரைக்கும் 2015ல் வெளியிட்ட வரைபடத்தைத்தான் இங்கே பெரும்பாலும் பார்க்கிறார்கள். டாக்டரம்மா அதில் புள்ளி வைத்துக் காட்டினார். மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. நீங்களும் "புள்ளி வச்சுக் காட்டுங்க மேடம்" என்று தைரியமாகக் கேளுங்கள். ஒரு தடவை வைக்கும் புள்ளியைவிட, முந்தைய புள்ளிகளோடு சேர்ந்து அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கதை. ஒல்லியான பிள்ளையும் தன் கோட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தால் கவலை இல்லை. கோட்டை விட்டுக் கீழே இறங்கினால்தான் கவலை.

வரைபடம் கையில் இல்லையா? பூக்கட்டும் நூல் எடுங்கள். பிள்ளையின் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றுங்கள். மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளுவான், சிரிக்க வைத்துவிட்டுச் சுற்றுங்கள். நூல் முட்டினால் நல்லது. என் பையனுக்கு ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தது.

கழுத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவன் பின் கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை, தொட்டால் வெல்வெட் மாதிரி தடிப்பாக. அழுக்கு என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். ஒரு தடவை சிவந்து தோலே உரிந்துவிட்டது, அவன் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். அது அழுக்கில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடம்பு அதை அதிகமாகச் சுரக்கும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் அப்படிக் கறுத்துத் தடிக்கும். தேய்த்தால் போகாது, எடை இறங்கினால் மெல்ல மங்கும். பார்த்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்லலாம். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய் இன்னொரு நாள் அலைந்தோம்.

"தைராய்டா இருக்குமோ?" என்று எல்லோரும் கேட்பார்கள். எடை ஏறி, உயரம் மட்டும் நின்றுபோயிருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். உயரமும் நன்றாக ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. உயரக் கோடு வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

ஒல்லிப் பிள்ளைகளுக்கு நோட்டில் சேர்க்க வேண்டியது: காலையில் சாப்பிட்டுப் போகிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, மண், சாக்பீஸ், பச்சரிசி தின்கிறதா. 5 முதல் 11 வயசுக்கு ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு கவனத்தையும் கெடுக்கும். அரசுப் பள்ளியில் தரும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையையும், பூச்சி மாத்திரையையும் "சூடு" என்று சொல்லித் துப்ப வைக்கும் அம்மாக்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எங்கே, எப்படிப் போவது

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் மருத்துவக் குழு பள்ளிக்கே வரும். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி 18 வயசு வரை பார்ப்பார்கள். பிள்ளை கையில் ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினால், பையில் அப்பளமாகும் முன் எடுத்துப் பாருங்கள். மேற்கொண்டு எங்கே போவது என்று அதில் இருக்கும். மற்றபடி முதலில் பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஸ்டான்லியில் குழந்தைகள் ஓ.பி., இல்லை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கி மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். இரண்டிலும் காலையிலேயே போய் சீட்டு எடுக்க வேண்டும். பத்து மணிக்குப் போனால் வரிசையைப் பார்த்தே திரும்பத் தோன்றும்.

"அடம்பிடிச்சா டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்று மிரட்டிக் கூட்டிப்போகாதீர்கள். உயரம் பார்ப்பார்கள், பி.பி. பார்ப்பார்கள், ஒருவேளை ரத்தம் எடுப்பார்கள், கொஞ்சம் வலிக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நோட்டின் அட்டைக்குப் பின்னால் மூன்றே வரி எழுதிக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் முதலில் அதைச் சொல்ல. டாக்டரம்மா கேட்ட பிறகு, அடுத்த தடவைக்கு நான் எழுதியது: "ராத்திரி குறட்டை, வீடியோ இருக்கிறது. பாடத்தில் நிற்பதில்லை, எழுதியிருக்கிறேன். ஒரு வருஷத்தில் எட்டு கிலோ ஏறியிருக்கிறான்." மார்க் என்ற சொல்லே அதில் இல்லை. பிள்ளை காதில் விழக் கூடாதது ஏதாவது இருந்தால், துணைக்கு வந்தவரோடு அவனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். நான் துணைக்குப் போவதே முக்கால்வாசி அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான்.

மருந்து எழுதினால் பயப்படாமல் கேள்வி கேளுங்கள். ஏ.டி.ஹெச்.டி.க்குத் தரும் மெத்தில்பெனிடேட் மாத்திரை பசியைக் குறைக்கும். ஏற்கெனவே ஒல்லியான பிள்ளை என்றால் எடை, உயரம், பி.பி., நாடித் துடிப்பு எல்லாவற்றையும் தொடர்ந்து பார்ப்பார்கள். பசி அடங்கும் முன் காலைச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுத்துவிடுவது டியூஷனில் ஒரு பையனின் அம்மா கண்டுபிடித்த வழி. அந்த மாத்திரை உடம்பு இளைக்கக் கொடுக்கிற மாத்திரை இல்லை, பக்கத்து வீட்டுக் குண்டுப் பையனுக்குக் கடன் கொடுக்கவும் கூடாது. கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு என்ன சொன்னார்கள்? மூக்குக்கு ஸ்ப்ரே சில வாரம், அப்புறம் திரும்பப் பார்த்துவிட்டு ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. படுக்கை ஒன்பது மணிக்கு. அப்பாவை இப்போது காலையில் பார்க்கிறான். பத்து ரூபாய்க் கலர் பாட்டில் தினசரியிலிருந்து கட். சிப்ஸ் வாரத்துக்கு ஒன்று. அத்தோ (எங்கள் பக்கத்து பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதை நிறுத்தச் சொன்னால் நானே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஃபுட்பால். வியாசர்பாடியில் என் அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் தெருவிலேயே ஆடுகிறார்கள், சனி ஞாயிறு அங்கே அனுப்பிவிடுகிறேன். டயட் சார்ட் என்று ஒன்றும் தரவில்லை. அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடக் கூடாது, வீடே மாற வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆறு மாசம் கழித்துப் போனபோது எடை 41.5 கிலோ. அரைக் கிலோ ஏறிவிட்டதே என்று எனக்கு முகம் தொங்கிவிட்டது. டாக்டரம்மா உயரம் பார்த்தார், 137. கணக்குப் போட்டால் 22.1. வளர்கிற பிள்ளைக்கு எடையை இறக்க வேண்டியதில்லை, பிடித்து நிறுத்தினால் உயரம் வந்து எட்டிப்பிடித்துக்கொள்ளும் என்றார். குறட்டை எப்போதாவதுதான். எட்டுக் கணக்குக்கு இப்போது இரண்டு தடவை எழுகிறான். டீச்சர் எழுதிய கேள்வித்தாளும் நாங்கள் எழுதியதும் ஒத்துப்போகவில்லை, அதனால் இன்னும் ஆறு மாசம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. உயரத்தைச் சுவரில் மட்டும் குறித்து வைக்காதீர்கள், அன்றைக்கே தேதி போட்டு நோட்டிலும் எழுதிவிடுங்கள். பொங்கலுக்கு முன்னால் ஹவுஸ் ஓனர் வெள்ளை அடித்தார். எங்கள் கோடு நாலும் போய்விட்டது.